நேர்ன் கொலை: நீல உறையும் உங்கள் கேள்விகளும்

சென்ற இதழில் ஸ்காட்லாந்தின் நேர்ன் ஊரில் நடந்த கொலையைப் பற்றி அரைப் பக்கம்தான் எழுதினேன். அதற்கு வந்த கடிதக் கட்டைப் பார்த்த உதவி ஆசிரியர், "சார், இந்தத் தடவை வேறு கேள்வியே வேண்டாம். இதை முடித்துவிட்டு மற்றதற்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டார். சரி, அப்படியே செய்வோம்.

சென்ற இதழ் கைக்குக் கிடைக்காதவர்களுக்கு விஷயம் இதுதான். நேர்ன், மோரே வளைகுடாவின் கரையில், இன்வர்னஸ் நகரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் சின்ன ஊர். ஜனத்தொகை பத்தாயிரம் சொச்சம். நீளமான மணல் கடற்கரை, கோல்ஃப் மைதானம், கோடைக்கு வந்து தங்குகிறவர்கள். சார்லி சாப்ளின்கூட விடுமுறைக்கு வந்துபோன ஊர். 2004 நவம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, இரவு ஏழு மணி. அலிஸ்டர் வில்சன் என்ற 30 வயது வங்கி அதிகாரி க்ரெசென்ட் ரோட்டில் உள்ள தன் வீட்டு மாடியில் மகன்களைத் தூங்கவைத்துக்கொண்டிருக்கிறார். பெரியவனுக்கு 4 வயது, சின்னவனுக்கு 2. வாசலில் யாரோ வர, மனைவி போய்க் கதவைத் திறக்கிறார். தொப்பி போட்ட, உயரம் குறைந்த, கட்டுமஸ்தான ஆள். வில்சனைப் பேர் சொல்லிக் கேட்கிறான். வில்சன் இறங்கிப் போகிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு நீல உறையோடு மேலே வருகிறார். உறை மேல் 'பால்' என்ற பெயர். உள்ளே ஒன்றுமில்லை. கணவன் மனைவி இருவருக்கும் புரியவில்லை. ஆள் இன்னும் நிற்கிறானா பார்க்கிறேன் என்று வில்சன் மறுபடி கீழே போகிறார். மூன்று குண்டுகள். இன்வர்னஸ் மருத்துவமனையில் உயிர் போனது. அந்த ஆள் யார் என்பது இன்றுவரை நீதிமன்ற வாசலுக்கு வரவில்லை.

இனி கடிதங்கள்.

*ஓர் ஆசிரியை, தூத்துக்குடி: உறை மேல் பெயரே இருக்கிறதே ஐயா? எங்கள் ஊரில் பால் என்ற பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ஆனால் பத்தாயிரம் பேர் உள்ள ஊரில் அந்தப் பாலைக் கண்டுபிடிப்பது கஷ்டமா?*

அங்கேயும் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள் அம்மா. பிரிட்டனில் அது அத்தனை சாதாரணப் பெயர். ஊரில் இருந்த, ஊருக்கு வந்துபோன, வில்சனின் வங்கி வேலையோடு தொடர்புடைய பால்களையெல்லாம் தேடாமலா இருந்திருப்பார்கள்? பெயர் இருந்தும் பயனில்லாமல் போனதற்குக் காரணம் வேறு. அந்த உறையே கையில் இல்லை.

கொலைக்குப் பிறகு உறை அந்த வீட்டில் இல்லை. வேறெங்கும் கிடைக்கவும் இல்லை. உறை எப்படி இருந்தது, என்ன எழுதியிருந்தது என்பதற்கு மனைவி சொன்னது மட்டும்தான் ஆதாரம். உறை கிடைத்திருந்தால் கையெழுத்து இருக்கிறது, கைரேகை இருக்கிறது, எந்தக் கடையில் விற்ற உறை என்ற விசாரணை இருக்கிறது. எல்லாம் போச்சு.

என் மனசை அரிப்பது 'பால்' இல்லை. உறை காலியாக இருந்ததுதான். கொல்ல வந்தவன், ஆள் வாசலுக்கு வந்ததும் சுட்டுவிட்டுப் போகலாம். இவன் உறையைக் கொடுத்து, அவரை வீட்டுக்குள் போகவிட்டு, வாசலிலேயே நின்றிருக்கிறான். அவர் கதவைப் பூட்டிக்கொண்டு போலீஸுக்குப் போன் போட்டிருந்தால்? எதிர்ப்புறம் மதுக்கூடம் வேறு. ஆட்கள் வந்துபோகிற இடம். இவ்வளவு ஆபத்தில் ஒருவன் நிற்கிறான் என்றால் ஏதோ ஒரு பதிலுக்குக் காத்திருக்கிறான் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். காலி உறையை ஒருவர் கையில் கொடுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஊர் அலுவலகங்களில் அலைந்தவர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் அதில் என்ன போட்டுத் தரச் சொன்னான், பணமா, காகிதமா என்பது வில்சனுக்குப் புரியவே இல்லை போலிருக்கிறது. அவர் முகத்தில் பயத்தைவிடக் குழப்பம்தான் இருந்தது என்பது மனைவியின் பேச்சிலிருந்து தெரிகிறது. அதனால்தானே திரும்பவும் இறங்கிப் போனார்? பயந்தவர் போகமாட்டார்.

*வாடகைக் கார் ஓட்டுநர், சென்னை: இது கூலிப்படை வேலைதானே சார்? வீடு தேடி வந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு...*

கூலிப்படை என்றால் நமக்கு ஒரு படம் மனதில் ஓடுகிறது. ஆனால் துப்பாக்கியைப் பாருங்கள்.

கொலை நடந்து பத்து நாள் கழித்து, அந்த வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் சீபேங்க் ரோட்டில், சாலையோரச் சாக்கடையைச் சுத்தம் செய்த நகராட்சித் தொழிலாளர்கள் கையில் அது சிக்கியது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் ஸ்டேஷன் ஏட்டையா சொல்வார்: "ஆயுதம் வேணுமா? மோப்ப நாய்க்கு முன்னாடி சாக்கடை அள்றவனைக் கேளு தம்பி." நேர்ன் செய்தியைப் படித்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது.

அது ஜெர்மனியில் சூல் நகரத்து ஹெனெல் கம்பெனி செய்த கைத்துப்பாக்கி. 1920களிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை செய்த ரகம். உள்ளங்கைக்குள் அடங்கும், கோட்டுப் பையில் போட்டால் வெளியே தெரியாது. 6.35 மில்லிமீட்டர் குண்டு. அதாவது கைத்துப்பாக்கிக் குண்டுகளிலேயே பலம் குறைந்த வகைகளில் ஒன்று. தொழில்முறைக் கொலைகாரன் அறுபது, எழுபது வருஷப் பழைய சாமானை எடுத்துக்கொண்டு வருவானா? அது நடுவில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வான்? மூன்று தடவை சுட வேண்டியிருந்ததற்குக் குண்டின் பலவீனமும் ஒரு காரணமாக இருக்கலாம். கொன்ற பிறகு அதை ஊரைத் தாண்டிக் கொண்டுபோகக்கூட நிதானம் இல்லாமல் பக்கத்துத் தெருச் சாக்கடையில் போட்டிருக்கிறான். அருகிலேயே ஒரு கடல் இருக்கிறது!

இதில் இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. துப்பாக்கி பழசு; தோட்டா பழசு இல்லை. செக் நாட்டு செல்லியர் அண்ட் பெல்லோ கம்பெனி 1983க்கும் 1993க்கும் நடுவில் செய்த தோட்டாக்கள். போரிலிருந்து திரும்பிய படைவீரர் யாரோ ஞாபகார்த்தமாகக் கொண்டுவந்த துப்பாக்கியாக இருக்கலாம் என்ற பேச்சு உண்டு. அப்படிப் பல வீடுகளில் பரணில் கிடந்தவைதான். ஆனால் பரணில் கிடந்த துப்பாக்கிக்கு எண்பதுகளில் தோட்டா முளைக்காது. யாரோ ஒருவர் அதை எடுத்து, இந்த அளவுக்குத் தோட்டா தேடி வாங்கி வைத்திருக்கிறார். 1996இல் அதே ஸ்காட்லாந்தில் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையும் ஒருவன் சுட்டுக்கொன்ற பிறகு, அடுத்த வருஷம் பிரிட்டனில் தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பதையே தடை செய்தார்கள். வைத்திருந்தவர்கள் ஒப்படைத்தார்கள். இந்தத் துப்பாக்கி ஒப்படைக்கப்படவில்லை. அதை யார் வைத்திருந்தார் என்று தெரிந்த ஒரு ஆள், ஒரு உறவுக்காரர், ஒரு பழைய சிநேகிதர் எங்கோ இருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆகவே ஓட்டுநர் தம்பி, என் கருத்து: ஆயுதம் உள்ளூர் வாசனை அடிக்கிறது. கருத்துதான். தீர்ப்பு இல்லை.

*கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்: உலகப் புகழ் பெற்ற ஸ்காட்லாந்து யார்டு இருந்தும் ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை?*

ஸ்காட்லாந்து யார்டு என்பது லண்டன் மாநகரப் போலீஸின் தலைமையகம், பாப்பா. ஸ்காட்லாந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நேர்ன் அன்று 'நார்தர்ன் கான்ஸ்டபுலரி' என்ற வட்டாரப் போலீஸின் கையில் இருந்தது. 2013இல் எல்லா வட்டாரப் போலீஸையும் ஒன்றாக்கி 'போலீஸ் ஸ்காட்லாந்து' ஆக்கினார்கள்.

*மீன் வியாபாரி, கடலூர் முதுநகர்: எங்கள் குப்பத்தில் ஒருத்தன் புது லுங்கி கட்டினாலே ஊருக்குத் தெரிந்துவிடும். அந்தச் சின்ன ஊரில் ஒரு கொலைகாரனை யாருக்குமே தெரியாது என்பதை நம்பச் சொல்கிறீர்களா?*

வந்த கடிதங்களிலேயே நல்ல கேள்வி உங்களுடையதுதான்.

முதலில் அந்த ராத்திரியைக் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். நம் ஊர் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி என்றால் சுண்டல், பஜ்ஜி, கூட்டம். வடக்கு ஸ்காட்லாந்தில் நவம்பர் கடைசியில் நாலு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். ஏழு மணிக்குக் கும்மிருட்டு, குளிர். கோடை விருந்தாளிகள் எப்போதோ போயாச்சு. வீடுகளில் திரை இழுத்துவிட்டிருப்பார்கள். தலையைக் குனிந்துகொண்டு, தொப்பியும் கோட்டுமாக ஒருவன் நடந்துபோனால் அவன் வித்தியாசமானவன் இல்லை. அந்த நேரத்தில் எல்லாரும் அப்படித்தான் போவார்கள்.

ஆனால் நீங்கள் கேட்பது பார்த்த சாட்சியைப் பற்றி இல்லை. ஊர்ப் பேச்சைப் பற்றி. ஊருக்குத் தெரியும் என்பதும் போலீஸுக்குத் தெரியும் என்பதும் ஒன்றில்லை. நான் எஸ்.ஐ.யாக இருந்த ஒரு கடற்கரை ஊரில் ஒரு கொலை. மாதா கோயில் முன்னால் ஆட்களைக் கூட்டி வைத்துக் கேட்டோம். அத்தனை பேரும் மணலைப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் நான் சீருடை இல்லாமல் வலை தைக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தேன். கையில் ஊசியும் நூலும் ஓடிக்கொண்டிருந்தால் மனுஷனுக்கு எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்க்கவேண்டிய கட்டாயம் இல்லை. அன்றைக்குச் சாப்பாட்டு வேளைக்குள் எனக்கு நாலு பேர் நாலு பெயர் சொன்னார்கள்.

அங்கேதான் சிக்கலே. நாலு பெயர்! "நீங்க பார்த்தீங்களா, கேட்டீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் கேட்டது. யார் சொல்லிக் கேட்டது என்றால், பக்கத்தில் உட்கார்ந்து வலை தைக்கிறவர் சொன்னது. அவருக்கு? இவர் சொன்னது. சின்ன ஊரில் ஒரு வதந்தி ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் அது நாலு தனித்தனிச் சாட்சியம் மாதிரி உடை மாற்றிக்கொண்டு வந்துவிடும். பெரிய நகரத்தில் போலீஸுக்குத் தகவல் பற்றாக்குறை. சின்ன ஊரில் தகவல் அஜீரணம். நேர்னில் ஆயிரக்கணக்கான பேரிடம் விசாரித்திருக்கிறார்கள். அத்தனை வாக்குமூலத்தையும் உரித்து உரித்துப் பார்த்தால் உள்ளே 'நானே கண்ணால் பார்த்தேன்' எத்தனை தேறும்?

அப்புறம் இன்னொன்று. உண்மையிலேயே ஏதோ பார்த்தவர் இருப்பார். அவர் வாயைத் திறக்காததற்கு அவர் கெட்டவர் என்று பொருள் இல்லை. நாளைக்குக் காலையில் அதே கடையில், அதே தேவாலயத்தில், பிள்ளைகளின் பள்ளி வாசலில் அந்த மனுஷனையோ அவன் மனைவியையோ பார்த்தாக வேண்டும். "ஒருவேளை அவன் இல்லையோ?" என்ற ஒரு சந்தேகம் போதும், வாய் பூட்டிக்கொள்ளும். உங்கள் குப்பத்தில் புது லுங்கியைப் பற்றிப் பேசுவார்கள். ரத்தம் பட்ட லுங்கியைப் பற்றிப் பேசுவார்களா, யோசித்துச் சொல்லுங்கள்.

*ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியர், கும்பகோணம்: ஒரு மரத்தளத் தகராறுக்காகவா கொலை என்று எங்கோ படித்தேன். நான் பணியில் இருந்தபோது கட்டட ஆட்சேப மனு எத்தனையோ பார்த்திருக்கிறேன். நம்ப முடியவில்லை.*

விஷயம் இப்படி. வில்சன் வீட்டுக்கு எதிரே இருந்த மதுக்கூடத்துக்கு வெளியே, வாடிக்கையாளர்கள் உட்கார மரத்தளம் போட்டார்கள். அதற்கான அனுமதி மனு உள்ளாட்சியில் நிலுவையில் இருந்தது. வில்சன் ஆட்சேபம் எழுதி அனுப்பினார். கொலை நடந்தது அதையொட்டிய நாட்களில். முதல் வருஷங்களில் எல்லார் கண்ணும் அவருடைய வங்கி வேலை மேல்தான் இருந்தது; வேலையை விட்டு வேறு நிறுவனத்துக்குப் போகவிருந்த சமயம் அது. வியாபாரக் கடன், கோபம், மிரட்டல் என்று கதை நன்றாக ஓடும். 2022இல்தான் காவல்துறை, அந்த மரத்தள விவகாரம் முக்கியமாக இருக்கலாம் என்று பகிரங்கமாகச் சொன்னது.

தயவுசெய்து இதிலிருந்து ஒரு மனிதரை நோக்கி விரல் நீட்டாதீர்கள். அந்த விவகாரத்தில் யார் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. மதுக்கூடம் என்றால் நடத்துகிறவர் மட்டுமா? அங்கே வேலை பார்ப்பவர், தினம் குடிக்க வருகிறவர், சொந்தமாக எந்தச் சம்பந்தமும் இல்லாமல் ஆத்திரப்படுகிறவர் என்று ஒரு கூட்டமே உண்டு.

நம்ப முடியவில்லை என்கிறீர்களே, அதற்கு மட்டும் நான் உடன்படமாட்டேன். நீங்கள் மனுவின் காகிதத்தைப் பார்த்தவர். நான் அந்தக் காகிதத்துக்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவன். ஒன்றரை அடி வாய்க்காலுக்கும், முருங்கைக் கிளைக்கும், தெருக்குழாயில் குட முறைக்கும் விழுந்த வெட்டுகளின் எஃப்.ஐ.ஆர். என் கையால் எழுதியிருக்கிறேன். காரணம் சின்னது என்பதற்காக அதைக் கோப்பின் அடியில் வைக்கக்கூடாது. படித்த மனிதர், வங்கி அதிகாரி என்றால் காரணமும் பெரிய இடத்தில்தான் இருக்கும் என்று விசாரணை செய்கிறவர்களுக்கு ஒரு மயக்கம் வரும். வங்கிக் கோப்புகளைப் புரட்டுவது நாலு தெரு நடப்பதைவிட மரியாதையான வேலையாகத் தெரியும்.

*வழக்கறிஞர், மதுரை: சந்தேகம் வலுவாக இருந்தால் கைது செய்து விசாரிக்க வேண்டியதுதானே? எதற்கு இருபது வருஷத் தயக்கம்?*

உங்களுக்குச் சட்டம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் ஸ்காட்லாந்துச் சட்டம் இங்கிலாந்துச் சட்டம் இல்லை என்பதை மட்டும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே ஒரு பழைய விதி: குற்றம் நடந்தது, செய்தவன் இவன்தான் என்ற இரண்டுக்கும் தனித்தனி இரண்டு மூலங்களிலிருந்து சாட்சியம் வேண்டும். ஒருவர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் அது ஒன்று மட்டும் போதாது. நம்மிடமோ நம்பகமான ஒரே சாட்சியை வைத்தே தண்டிக்கலாம்; எத்தனை சாட்சி என்ற எண்ணிக்கை இல்லை.

இதை வைத்துக்கொண்டு நேர்ன் கோப்பைப் பாருங்கள். துப்பாக்கி இருக்கிறது, அதுதான் கொன்றது என்றும் தெரியும், பிடித்த கை எது என்று தெரியாது. பத்து நாள் சாக்கடைத் தண்ணீரில் கிடந்த இரும்பு. முகம் பார்த்த சாட்சி இருக்கிறார். அது இருட்டு வாசலில், தொப்பிக்குக் கீழே, சில நொடிகள். ஆட்சேபக் கடிதம் இருக்கிறது. அது யார் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது என்று தெரியாது. ஒவ்வொன்றும் தனியாக நிற்கிறது. ஒன்றை இன்னொன்றோடு கட்டும் கயிறு இல்லை. அங்கே கொலை விசாரணையைப் போலீஸ் நடத்தினாலும், வழக்குப் போடுவது அரசு வழக்குத் துறையின் முடிவு. வில்சன் குடும்பமே போலீஸின் போக்கில் நம்பிக்கை இழந்துவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னது. 2024இல் அந்நாட்டுத் தலைமை அரசு வழக்கறிஞர், புதிய குழுவை வைத்து வழக்கை முதலிலிருந்து விசாரிக்க உத்தரவிட்டார். பழைய விசாரணை அதிகாரி எழுதியதைப் புதிய அதிகாரி தொடர்ந்து படிப்பது வேறு. முதல் பக்கத்திலிருந்து சந்தேகப்பட்டுப் படிப்பது வேறு. இது இரண்டாவது வகை.

*இல்லத்தரசி, நாமக்கல்: இத்தனை வருஷம் கழித்து ஏதாவது நடக்குமா?*

நடந்திருக்கிறது. அதே நாட்டில். 1977இல் எடின்பரோவில் 'வேர்ல்ட்ஸ் எண்ட்' என்ற மதுக்கூடத்திலிருந்து கிளம்பிய 17 வயதுப் பெண்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். ஓர் உடல் கிடைத்தது கடற்கரையில். அந்தப் பெண்களைக் கட்டிய துணிகளைப் போலீஸ் பத்திரமாக வைத்திருந்தது. முக்கியமாக, முடிச்சுகளோடு. கொலைகாரன் முடிச்சை இறுக்கும்போது அவன் விரல் பட்ட இடம் மடிப்புக்குள் போய்விடுகிறது; வெளியே யார் தொட்டாலும் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். தடயவியல்காரர்கள் அந்த முடிச்சுகளைப் பொறுமையாகப் பிரித்து, உள்ளிருந்து மரபணு எடுத்தார்கள். ஆங்கஸ் சின்க்ளேர் என்பவன் 2007இல் இதே வழக்கில் விடுதலையாகி ஒருமுறை தப்பியிருந்தான். ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரிக்கக் கூடாது என்ற விதியை 2011இல் சட்டம் போட்டுத் தளர்த்திய பிறகு, 2014இல் தண்டனை. குறைந்தது 37 வருஷம். கொலை நடந்தும் அப்போது சரியாக 37 வருஷம்.

ஆனால் அம்மா, அங்கே முடிச்சு இருந்தது. நேர்னில் கொன்றவன் வீட்டுக்குள் வரவே இல்லை; யாரையும் தொடவில்லை; கொடுத்த ஒரே பொருளும் காணாமல் போய்விட்டது. இங்கே விஞ்ஞானத்தைவிட ஒரு மனுஷனின் மனசு மாறுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். இருபது வருஷத்தில் புருஷன் பெண்டாட்டி பிரிகிறார்கள், சிநேகிதம் முறிகிறது, பயந்து மறைத்தவர்களுக்கு வயதாகிறது. அன்றைக்கு "அவர் என்னோடுதான் வீட்டில் இருந்தார்" என்று சொன்னவர் இன்றைக்கும் அதையே சொல்வாரா? கொலைக்குக் காலவரம்பு இல்லை, அங்கேயும் இங்கேயும்.

*பொறியியல் மாணவர், திருச்சி: நானும் நண்பர்களும் யூடியூப் சேனல் வைத்திருக்கிறோம். இந்த வழக்கை நாங்களே துப்பறிந்து வீடியோ போடலாம் என்று இருக்கிறோம். உங்கள் ஆலோசனை?*

வழக்கைச் சொல்லுங்கள், தாராளமாக. துப்புத் துலக்குகிறேன் என்று ஒரு பெயரைச் சொல்லாதீர்கள். அன்று மாடியில் படுத்திருந்த இரண்டு பையன்கள் இன்று உங்களைவிடக் கொஞ்சம் பெரியவர்கள். இருபது வருஷமாக அவர்கள் அப்பாவைப் பற்றி ஆளுக்கொரு கதை கேட்டு வளர்ந்தவர்கள்: உளவாளி என்று ஒரு கதை, ஆள் மாறிச் சுட்டுவிட்டான் என்று ஒரு கதை. உங்களுடையது இன்னொன்றாக வேண்டாம். இந்த வழக்குக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்: அந்தக் குட்டித் துப்பாக்கியை 2004க்கு முன்னால் யார் வீட்டு மேசை டிராயரில் பார்த்தீர்கள்? அது நேர்னில் யாராவது ஒரு பேத்திக்குத் தெரிந்திருக்கும். திருச்சியில் தெரியாது.

செமஸ்டர் எப்போது?